பெயரில்லாத காய்ச்சல்களும் ஒட்டுசுட்டான் நுளம்புகளும்

கடந்த மாரியில் தங்கச்சியின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயது. முதல் நாள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இரண்டாம் நாள் கணுக்கால் நோகிறது என்று அழுதாள். மூன்றாம் நாள் முதுகில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை என்றார்கள். துண்டில் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று எழுதி, பனடோலும் நிறைய நீராகாரமும் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஆறாம் நாள் எழும்பி முற்றத்தில் விளையாடத் தொடங்கிவிட்டாள்.

அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

“என்ன வைரஸாம் தம்பி?”

தெரியாது அம்மா என்றேன்.

“மலேரியாக் காலத்தில கண்ணாடித் துண்டில இரத்தம் எடுத்து, இன்ன காய்ச்சல் எண்டு பேர் சொல்லித்தானே குளிசை தந்தவங்கள். இப்ப பேரில்லாமலே காய்ச்சல் வருதோ?”

வைத்தியர் செய்ததில் பிழையில்லை. இவ்வகைக் காய்ச்சல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி மருந்து கிடையாது. பெயர் தெரிந்தாலும் சிகிச்சை அதேதான். ஆனால் ஒரு பிள்ளைக்குப் போதுமான பதில் ஓர் ஊருக்குப் போதுமானதல்ல. இந்த மாரியில் பத்துப் பிள்ளைகளுக்கு வந்த காய்ச்சல் ஒரே காய்ச்சலா, பத்துக் காய்ச்சலா, அது எங்கிருந்து வந்தது, அடுத்த மாரியில் என்னவாக வரும் என்பன ஊர் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றுக்கான விடையின் ஒரு பகுதி எங்கள் குளக்கட்டிலும் வயலோரத்திலும் மாட்டுப் பட்டியிலும் பறந்துகொண்டிருக்கிறது.

நுளம்புக்குள் இருப்பவை

ஒட்டுசுட்டானில் பொழுதுபட்டால் நுளம்பு என்பது ஒரு பூச்சியின் பெயரல்ல, பல கூட்டங்களின் பெயர். நெல்வயல் தண்ணீரில் பெருகி அந்தியில் மாட்டைத் தேடி வரும் கியூலெக்ஸ் வகைகள், சுவரில் பின்புறத்தைத் தூக்கிச் சரிந்து உட்காரும் அனோபிலிஸ், வெளிச்சத்திலேயே வாழைத் தோட்டத்துக்குள் கடிக்கும் கறுப்பு வெள்ளை வரியுடைய ஈடிஸ் என்று பல. உலகில் ஏறத்தாழ 3,500 நுளம்பு இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தச் சிறிய தீவில் மட்டும் நூற்றைம்பதுக்கு அண்மித்த இனங்கள் உள்ளன. இவற்றில் மனிதருக்கு நோய் கடத்துபவை ஒரு சிலவே.

ஒவ்வோர் இனத்துக்குள்ளும் வைரஸ்களின் ஒரு தனி உலகம் இருக்கிறது. டெங்கு, சிக்குன்குன்யா, ஜப்பானிய மூளையழற்சி என்று நாம் அறிந்தவை அந்த உலகத்தின் வாசற்படி மாத்திரமே. உள்ளே இருப்பவற்றில் மிகப் பெரும்பான்மையானவை பூச்சிகளுக்கே உரியவை. தாய் நுளம்பிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் கடந்து, ஒருபோதும் மனித உடலில் பெருகாமல் வாழ்ந்துவிட்டுப் போகின்றன.

இவ்வகை வைரஸ் ஒன்று முதன்முதலில் 1975இல், ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட ஈடிஸ் இஜிப்டை நுளம்பின் கலங்களில் கண்டறியப்பட்டது. நீண்ட காலம் அது ஒரு விநோதமாகவே கருதப்பட்டது. பிடித்த நுளம்புகளை அரைத்து, அந்தச் சாற்றிலுள்ள மரபணுத் துண்டுகள் அனைத்தையும் ஒரே தடவையில் வாசிக்கும் தொழில்நுட்பம் வந்த பிறகு நிலைமை மாறியது. 2016இல் சீன, அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 220க்கும் மேற்பட்ட முதுகெலும்பற்ற உயிரின வகைகளை இவ்வாறு ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத 1,445 ஆர்.என்.ஏ. வைரஸ்களை ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தவற்றில் நுளம்புகளும் அடக்கம்.

இதைக் கேட்டவுடன் பயப்படத் தேவையில்லை. நுளம்புக்குள் நூறு வைரஸ் இருப்பதென்பது நமக்கு நூறு நோய் வரப்போகிறது என்பதாகாது. நமது உடற்சூடும் எதிர்ப்புச் சக்தியும் கலங்களின் அமைப்பும் அவற்றில் அநேகமானவற்றுக்கு மூடிய கதவுகள். அப்படியானால் எமக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை கொள்ள மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, பூச்சிக்குள் அடங்கிய வைரஸ்களும் டெங்கு போன்றவையும் ஒரே குடும்பங்களைச் சேர்ந்தவை. உறவினரை அறிந்தால்தான் புதிதாக ஒன்று வாசலைத் தாண்டும்போது அது எந்த வீட்டுப் பிள்ளை என்று விரைவில் அடையாளம் காணலாம்.

இரண்டாவது, தீங்கற்றதாகத் தோன்றும் வைரஸ்கள் நுளம்பின் நோய் கடத்தும் ஆற்றலையே மாற்றக்கூடும். 2023 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. பாசி சரோயன், ஹுமைத்தா துபியாகங்கா எனப்படும் இரு பூச்சி வைரஸ்களைச் சுமக்கும் ஈடிஸ் இஜிப்டை நுளம்புகள் டெங்குவைக் கடத்துவதில் கூடிய ஆற்றல் பெறுகின்றன. டெங்கு வைரஸ் அவற்றின் உடலுக்குள் பரவ எடுக்கும் காலமும் குறைகிறது. இதற்கு மாறாக, அவுஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட பாம் கிறீக் என்ற பூச்சி வைரஸ், மேற்கு நைல் வைரஸ் நுளம்பின் கலங்களில் பெருகுவதைக் குறைப்பதாக ஆய்வுகூடத்தில் காணப்பட்டது. ஆகவே ஒரே இன நுளம்பு இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக நோய் கடத்தலாம்.

மூன்றாவது, இவை பயன்படவும் கூடும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அனோபிலிஸ் நுளம்பில் கண்டறியப்பட்ட ஐலாத் என்ற வைரஸ் முதுகெலும்புள்ள உயிர்களில் பெருகுவதில்லை. அந்தப் பாதுகாப்பான உடலுக்கு சிக்குன்குன்யாவின் வெளிச்சட்டையை அணிவித்து ஒரு தடுப்பூசி முயற்சி மேற்கொள்ளப்பட்டு, விலங்குகளில் நல்ல பலன் கிடைத்தது.

ஊர்ப்பெயர் கொண்ட வைரஸ்கள்

மேலே உள்ள பெயர்களைத் திரும்பப் பாருங்கள். பாசி சரோயன் என்பது பாங்கொக் நகரின் ஒரு பகுதி. ஐலாத் ஒரு துறைமுக நகரம். சிக்கா உகண்டாவின் ஒரு காடு. தமிழ் மண்ணின் பெயர்களும் இந்தப் பட்டியலில் உண்டு என்பதை நம்மில் அநேகர் அறிவதில்லை. 1952இல் பூனாவில் வைரஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட பின்னர், வட ஆற்காட்டுக் கிராமங்களில் நுளம்பு பிடித்து வைரஸ் தேடும் பணி பல ஆண்டுகள் நடந்தது. அரக்கோணம் வைரஸ், வேலூர் வைரஸ், ஆந்திர எல்லையிலுள்ள சித்தூரின் பெயரில் சித்தூர் வைரஸ் எல்லாம் அந்தப் பணியின் வழியே உலக ஏடுகளில் ஏறியவை. வேலூரில் பிடித்த மைனா இனப் பறவையிலிருந்து கிடைத்ததற்கு சத்துவாச்சாரி வைரஸ் என்று பெயர்.

இந்தப் பெயர்கள் அந்த ஊர்கள் அசுத்தமானவை என்று சொல்லவில்லை. அந்த ஊரில் ஒருவர் இரவில் விழித்திருந்து நுளம்பு பிடித்தார், இன்னொருவர் அதைப் பொறுமையாக ஆராய்ந்தார் என்றுதான் சொல்கின்றன. ஊரின் பெயரை நோய்க்கு வைத்தால் அந்த மக்கள் களங்கப்படுவார்கள் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது, அது நியாயமானதுதான். பெயர் வைக்கும் முறை மாறட்டும். பார்ப்பது நிற்கக்கூடாது. முத்தையன்கட்டு வைரஸ் என்று ஒன்று இல்லாதிருப்பது முத்தையன்கட்டு நுளம்புகளில் வைரஸ் இல்லை என்பதற்கான சான்றல்ல.

பார்த்தும் கவனியாது விட்டால் என்னவாகும் என்பதற்கு சிக்காவே உதாரணம். 1947இல் ஒரு குரங்கிலும், அடுத்த ஆண்டு அதே காட்டின் நுளம்பிலும் அது கண்டறியப்பட்டது. பின்னர் அறுபது வருடங்கள் அதனைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 2007இல் பசுபிக்கின் யாப் தீவில் முதலாவது பெரிய பரவல். 2015இல் பிரேசில். சிறிய தலையுடன் பிறந்த குழந்தைகளைக் கண்ட பின்னரே உலகம் அந்தப் பழைய ஏட்டைத் திரும்பத் திறந்தது.

அநுராதபுரம் கற்றுத்தந்தது

எமக்கு உகண்டா தூரம். அநுராதபுரம் தூரமில்லை. எங்களைப் போலவே குளமும் வயலும் மாரி மழையும் கொண்ட உலர்வலய மாவட்டம் அது. 1985இன் இறுதியில் அங்கே ஜப்பானிய மூளையழற்சி வெடித்தது. பதிவான நோயாளர்கள் 385 பேர். இறந்தவர்கள் 64 பேர். 1987 இறுதியில் அது மீண்டும், அயல் மாவட்டங்களையும் சேர்த்துத் தாக்கியது. அம்முறை நோயாளர்கள் 760க்கும் அதிகம். இறந்தவர்கள் 138 பேர்.

இந்த நோயின் சுற்றோட்டத்தில் மனிதர் தற்செயலாக அகப்படுபவர்கள். வைரஸின் உண்மையான வீடு கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகள். நெல்வயலில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு அதைப் பறவையிலிருந்து பன்றிக்குக் கடத்துகிறது. பன்றியின் இரத்தத்தில் அது பன்மடங்காகப் பெருகுகிறது. அந்த இரத்தத்தைக் குடித்த நுளம்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கிறது. புதிய நீர்ப்பாசனத் திட்டங்களால் வயல் பரப்புக் கூடியதும், வயலுக்கு அருகே பன்றி வளர்ப்புப் பரவியதும் சேர்ந்தே அந்த அனர்த்தத்துக்கு வழிவகுத்தன. இரண்டும் மக்களின் வாழ்வை உயர்த்தும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டவை. அவை ஒன்றாகச் சேர்ந்தால் நுளம்பு என்ன செய்யும் என்று கேட்டவர்தான் குறைவு.

அந்தக் கேள்வியைப் பிறகு கேட்டவர்களில் ஒருவர் அப்போது பேராதனையில் பணியாற்றிய வைரஸியல் நிபுணர் மாலிக் பீரிஸ். அவரும் சக ஆய்வாளர்களும் அநுராதபுரத்தை மையமாகக் கொண்டு பெருந்தொகையான நுளம்புகளைப் பிடித்து, இனம் பிரித்து, வைரஸ்களைத் தேடினார்கள். 1994இல் அந்த ஆய்வு வெளியானது. தேடிய ஜப்பானிய மூளையழற்சி வைரஸ் மட்டும் கிடைக்கவில்லை. கால்நடைகளோடு தொடர்புடைய கெட்டா போன்ற வேறு வைரஸ்களும் அதே நுளம்புகளுக்குள் இருந்தன. ஒன்றைத் தேடிப் போனவர்கள் ஒரு கூட்டத்தையே கண்டார்கள். அதே மாலிக் பீரிஸ் 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் நோயின் கொரோனா வைரஸைக் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.

1988இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. இன்று ஒரு வயதில் பிள்ளைகளுக்குப் போடப்படும் அந்த ஊசியால் மூளையழற்சி அரிதாகிவிட்டது. ஆனால் பறவையும் நுளம்பும் வயலும் அங்கேயேதான் இருக்கின்றன. ஊசி பிள்ளையைக் காக்கிறது. வைரஸை நாட்டைவிட்டு அனுப்புவதில்லை.

அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் எங்கள் பக்கம் யுத்தம். ஆய்வாளர்கள் வர முடியாத வருடங்கள் அவை. நுளம்புக்கும் கொக்குக்கும் ஓமந்தையில் சோதனைச்சாவடி இருக்கவில்லை.

காடு குறையும்போது எது கூடுகிறது

யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது எங்கள் வளவுக்குள் காடு நின்றது. வெட்டித் துப்பரவாக்கிக் கிணறு இறைத்துத்தான் உள்ளே போனோம். அதன் பிறகு மாற்றங்கள் வேகமாக வந்தன. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-34 வீதி காபெற் வீதியானது. கல்வீடுகள் வந்தன. வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தாங்கி, கொள்கலன், பழைய ரயர், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி. இன்னொரு பக்கம் காடு பின்வாங்கிக்கொண்டே போகிறது. மரம் போகிறது, மணலும் கிரவலும் போகின்றன. அகழ்ந்த குழிகளில் மழைத்தண்ணீர் நிற்கிறது.

இது வைரஸ்களுக்கு என்ன செய்யும்? மேற்கு ஆபிரிக்காவின் கோட் டிவார் நாட்டில், தாய் தேசியப் பூங்காவை அண்டிய பகுதியில் நடந்த ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அடர்காடு, பகுதி அழிந்த காடு, தோட்டங்கள், கிராமம் என்று வரிசையாக நுளம்பு பிடித்து ஆராய்ந்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில் 49 வைரஸ்கள் கிடைத்தன. அவற்றில் 34 புதியவை. அநேகமானவை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே காணப்பட்டன. காட்டிலிருந்து கிராமத்தை நோக்கி வர வர, மனிதர் மாற்றிய சூழலில் நன்கு வாழத் தெரிந்த நுளம்பு இனம் பெருகியது. அந்த இனம் சுமந்த வைரஸ்களும் கூடவே பெருகின. வைரஸ் தானாக வலுப்பெறவில்லை. அதற்கு வீடு கொடுக்கும் நுளம்பின் தொகை கூடியதே காரணம்.

இதில் எங்களுக்கு ஒரு பாடமுண்டு. காட்டை வைரஸ்களின் களஞ்சியம் என்று பயந்து அழிக்கச் சொல்வோர் உண்டு. அந்த ஆய்வு காட்டுவது வேறு. பல இனங்கள் கலந்து வாழும் காட்டில் எந்த ஒரு வைரஸும் எளிதில் தலையெடுப்பதில்லை. காட்டை வெட்டி, ஒரு சில நுளம்பு இனங்களுக்கு மட்டும் பந்தி விரிக்கும்போதுதான் அதிலொன்று பந்தியில் முதலிடம் பிடிக்கிறது.

டெங்குவும் அப்படி வந்ததுதான். அது நகரத்து நோய் என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2017இல் நாடு முழுவதும் 186,101 பேர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகி, 440 பேர் இறந்தபோதும் முல்லைத்தீவின் பங்கு சிறியதே. ஆனால் இன்று தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து பஸ் ஏறும் பிள்ளை மறுநாள் காலை இங்கே நிற்கிறது. வரும்போது காய்ச்சலையும் கொண்டுவந்தால், கடித்துக் கைமாற்ற ஈடிஸ் நுளம்பு வாசலில் காத்திருக்கிறது. வடக்கில் வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு கூடுவதும், பண்டிகைப் பயணங்கள் கூடுவதும் ஒரே மாதங்களில். 2006 இறுதியில் தொடங்கிய சிக்குன்குன்யாப் பரவல் வடக்கு கிழக்கையும் தாக்கியது. ஏறத்தாழ இரு தசாப்தங்களின் பின்னர், 2024 இறுதியிலிருந்து அது நாட்டில் மீண்டும் தலைகாட்டியது. தங்கச்சியின் மகளின் கணுக்கால் நோவு எனக்கு ஞாபகம் வருகிறது. அது என்ன என்று சொல்ல நான் வைத்தியன் அல்லன். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பொறிமுறை வேண்டும் என்று சொல்ல வைத்தியனாக இருக்கத் தேவையில்லை.

எண்ணியதால் தப்பிய கதை

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, அம்மா சொன்ன மலேரியாவே பதில்.

1934-35 மலேரியாவில் இத்தீவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். டி.டி.ரி. தெளித்து, 1963இல் வருடத்துக்கு 17 நோயாளர்கள் என்ற நிலைக்கு வந்தோம். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். அந்தத் தசாப்தம் முடிவதற்குள் நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. யுத்தகாலத்தில் அதன் சுமையை அதிகம் தாங்கியது வடக்கும் கிழக்கும்தான். வன்னியில் மலேரியாக் காய்ச்சல் படாத வீடு இருக்கவில்லை. நானும் நடுங்கியிருக்கிறேன். கசப்புக் குளிசை விழுங்கிக் காது இரைந்திருக்கிறது.

ஆனால் அந்த நாட்களிலும் வேலை நிற்கவில்லை. மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் ஷெல்லடிக்கும் நடுவே சுகாதார ஊழியர்கள் இரத்தப்பூச்சு எடுத்தார்கள், வீடுகளுக்கு மருந்தடித்தார்கள், வலை கொடுத்தார்கள். அவர்களின் உழைப்பும் சேர்ந்தே 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலையை உருவாக்கியது. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

கதையின் முக்கியமான பகுதி அதன் பிறகுதான் வருகிறது. சான்றிதழ் கிடைத்த சில மாதங்களில், 2016 டிசெம்பரில், மன்னார் தீவின் கிணறுகளில் நுளம்புக் குடம்பிகளைத் தேடியவர்கள் ஓர் அந்நியனைக் கண்டார்கள். இந்திய நகரங்களில் மலேரியாவைக் கடத்தும் அனோபிலிஸ் ஸ்ரெபன்சி. இலங்கையில் அதுவரை பதிவாகாத இனம். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இதே நுளம்பு அறியப்பட்டது. ஒழிப்பின் விளிம்பில் நின்ற அந்தச் சிறிய நாட்டில் 2020இல் மலேரியா நோயாளர்கள் எழுபதாயிரத்தைத் தாண்டினார்கள். நாம் இன்றுவரை அந்த நிலைக்குப் போகவில்லை. நோய் இல்லாத நாட்டிலும் யாரோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார் என்பது அதற்கு ஒரு காரணம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் பேராசிரியர் சுரேந்திரனும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இந்த வகையைச் சேர்ந்தது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டுமே முட்டையிடும் என்பதுதான் சுவரொட்டிகளின் பாடம். கரையோரத்தில் வீசப்பட்ட பாத்திரங்களிலும் பாவிக்காத கிணறுகளிலும் உள்ள உவர்த்தண்ணீரிலும் அது வளர்வதை அவர்கள் காட்டினார்கள். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பாடப்புத்தகம் சொல்வதை ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கும் மனம் தேவைப்பட்டது.

வன்னிக்கு என்ன தேவை

இன்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் பார்ப்பது குடம்பி இருக்கிறதா என்பதை. அது அவசியமான வேலை. ஆனால் குடம்பியின் எண்ணிக்கை நுளம்பு எவ்வளவு என்று சொல்லும். அது எதைச் சுமக்கிறது என்று சொல்லாது. காய்ச்சல் வந்தால் பார்ப்பது டெங்குவை. ‘டெங்கு இல்லை’ என்ற இடத்தில் எங்கள் அறிவு முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளி எத்தனை ஆபத்தானது என்பதை 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணம் கண்டது. வெள்ளத்துக்குப் பின் ‘மர்மக் காய்ச்சல்’ என்று பேசப்பட்ட ஒன்றினால் மக்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அது நுளம்பால் வந்ததல்ல, எலிக்காய்ச்சல் என்று மாதிரிகள் பரிசோதிக்கப்பட்ட பின்னரே தெரிந்தது. எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு. பெயர் தெரிந்ததும் தடுப்பு மருந்தும் கொடுக்க முடிந்தது. அந்த இடத்தில் பெயர்தான் உயிர்.

எனவே நான் கேட்பவை பெரிய கனவுகள் அல்ல.

மாரி தொடங்க முன்னரும், நடுவிலும், முடிந்த பின்னரும் என்று வருடத்துக்கு மூன்று தடவை, ஒரு குளக்கட்டு, ஒரு வயலோரம், ஒரு காட்டோரம், ஒரு சந்தி என்று நான்கு இடங்களில் நுளம்பு பிடித்து, இனம் பிரித்து, வைரஸ் தேடலாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளே அங்கே படிக்கிறார்கள்.

கடுங்குளிரில் மாதிரி காக்கும் வசதி இங்கே இல்லை என்பார்கள். அதற்கும் வழியுண்டு. நுளம்பு இனிப்பை உறிஞ்சும்போதும் உமிழும். அவுஸ்திரேலியாவில், வைரஸின் மரபணுவைக் காக்கும் இரசாயனம் ஊட்டிய அட்டையில் தேன் தடவிப் பொறிக்குள் வைத்தார்கள். நுளம்பு தேனைக் குடிக்க வந்து அட்டையில் தன் உமிழ்நீரை விட்டுப் போகிறது. அந்த அட்டையைக் கடித உறையில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிடலாம், குளிரூட்டி தேவையில்லை. 2010இலேயே அந்த முறை வெளியிடப்பட்டுவிட்டது. தேனுக்கு வன்னியில் பஞ்சமில்லை.

டெங்கு இல்லை என்று வரும் காய்ச்சல் மாதிரிகளில் ஒரு பகுதியையாவது சிக்குன்குன்யா, மூளையழற்சி, மேற்கு நைல், எலிக்காய்ச்சல் என்பவற்றுக்குக் கிரமமாகப் பரிசோதிக்க வேண்டும். நுளம்பில் கண்டதையும் மனிதரில் கண்டதையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் எது கதவைத் தட்டுகிறது என்று தெரியும். பட்டியிலுள்ள மாட்டையும் பன்றியையும் பார்க்கும் கால்நடை வைத்தியரும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

இறுதியாக, நம்பிக்கை. எங்கள் ஊர்களில் ‘ஆய்வு’ என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. பதிவேட்டோடு ஒருவர் வந்து போனால், அடுத்து எல்லைக்கல் வரும் என்பதே மக்களின் அனுபவம். நுளம்பு பிடிக்க வருபவரையும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆகவே யார் வருகிறார்கள், எதை எடுக்கிறார்கள், அது எங்கே போகிறது என்று ஊர்க் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். கண்டறிந்தது தமிழில், ஊருக்கே திரும்பி வர வேண்டும். எங்கள் குளக்கட்டில் பிடித்த நுளம்பின் விவரம் வெளிநாட்டுத் தரவுத்தளத்தில் இருந்து, எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியின் மேசையில் இல்லாமல் போனால் அதனால் எங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியவை பழையவையே. ஒரு வயதுப் பிள்ளைக்கு மூளையழற்சி ஊசியைத் தவறவிடாதிருப்பது. தாங்கியை மூடி வைப்பது, சிரட்டையையும் ரயரையும் கவிழ்ப்பது. பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுவது, ஏனெனில் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பன்றிப் பட்டியை வீட்டிலிருந்து தள்ளி அமைப்பது. புகையடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பாதிருப்பது. புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் குடம்பியை அல்ல.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து எட்டிப் பார்த்தார். பேத்தி முற்றத்தில் மாங்கொட்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் பேர் தெரியேல்லையோ?” என்றார்.

இல்லை அம்மா. இனித் தெரியப்போவதுமில்லை. அந்த இரத்தம் அன்றே கொட்டப்பட்டிருக்கும். அடுத்த மாரியில் இன்னொரு பிள்ளைக்கு வரும் காய்ச்சலுக்காவது பெயர் சொல்ல முடியுமா என்பதுதான் இப்போது கேட்கத்தக்க கேள்வி. அதற்கான ஆயத்தத்தை மழைக்கு முதல் தொடங்க வேண்டும்.